இரவல் குரலில் ஒரு கப்டன்

பாரிசின் லாச்சப்பலில் மெத்ரோப் படிகளில் இறங்கி வந்தபோது, மரக்கறிக் கடையின் கண்ணாடியில் நவரத்தினம் அண்ணையின் படம் ஒட்டியிருந்தது. நீலச் சீருடை, நெற்றி வரைக்கும் இறக்கிய தொப்பி, நரைத்த மீசை, பின்னால் ஒரு குதிரையின் காது. அவர் நடித்த பழைய குதிரைப் படத்தைத் திரும்பப் போடப்போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அதற்கு நான் செய்கிற ஒலி வேலை முடியவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்குள் யார் இந்த விளம்பரத்தை அடித்தது? சண்டை பிடிக்கிற எண்ணத்தோடு கிட்டப் போன பிறகுதான், படத்துக்கு மேலே 'மரண அறிவித்தல்' என்று இருந்ததைக் கண்டேன்.

கடைக்காரர் வாசலில் நின்று முருங்கைக்காய்ப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, உனக்குத் தெரியாதே? முந்தநாள் ஆஸ்பத்திரியிலை முடிஞ்சுது. நீங்கள் ரெண்டு பேரும் ஏதோ வேலை செய்தனீங்கள் எண்டு கேள்விப்பட்டன்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"எனக்கு மட்டும் ஆர் சொன்னது? நோட்டீசைத் தந்து ஒட்டச் சொன்னாங்கள், ஒட்டினன். காலமை ஒரு மனிசன் வந்து, படத்துக்கு டிக்கெட் எங்கை எடுக்கிறது எண்டு கேக்குது. நான் என்னத்தைச் சொல்ல?"

அந்தப் படம் எப்படி நோட்டீசுக்கு வந்தது என்று பிறகு அறிந்தேன். பெயருக்கு முன்னால் 'கப்டன்' என்று போடுவோம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிப் போட்டால் சனம் இயக்கத்துக் கப்டன் என்று நினைக்கும், பிறகு ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க ஏலாது என்று இன்னொருவர் மறித்திருக்கிறார். கடைசியில் பெயரை வெறும் பெயராகப் போட்டார்கள், ஆளைச் சீருடையோடு போட்டார்கள். வாழ்நாள் முழுக்க அவருக்கு நடந்ததும் இதுதான்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மனைவி பரமேஸ் அக்கா கேட்டார். "கவிதை கிவிதை வேண்டாம் தம்பி, உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது ஒலி. படித்தது அது, சோறு போடுவதும் அது. ஆகவே ஒலியைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதை வாசிக்கப்போகிற உங்களில் அநேகம் பேர் அந்தப் படத்துக்குக் கை தட்டியவர்கள். அவருடைய குரல் இன்னும் காதுக்குள் நிற்கிறது என்று செத்தவீட்டில் என்னிடம் சொன்னவர்கள். அது அவருடைய குரல் இல்லை. உங்களில் சிலருக்கு இது தெரியும். மற்றவர்கள் இப்போது தெரிந்துகொள்ளலாம்.

படத்துக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. ஒருவரும் அதைச் சொல்வதில்லை. லாச்சப்பலில் அது குதிரைப் படம். கௌபோய்ப் படங்களைப் பார்த்துப் பைத்தியமான ஒரு இயக்குநர், பாரிசுக்கு வெளியே கைவிடப்பட்ட மணல் குவாரி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த தமிழ்ப் படம் அது. மற்ற நாட்களில் எல்லோருக்கும் வேலை. கதை பெரிதாக இல்லை. குதிரைப்படைக் கப்டன் ஒருவருக்கு வயதாகிவிட்டது. படையைக் கலைக்கும்படி மேலிடத்து உத்தரவு வருகிறது. வயதான குதிரைகளைச் சுட்டுவிடவும் என்று அதே உத்தரவில் இன்னொரு வரி. கப்டன் மற்றதையெல்லாம் செய்து முடிக்கிறார். தன்னுடைய கிழட்டுக் குதிரையை மட்டும் தண்ணீர்க் கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், சேணத்தைக் கழற்றிவிட்டு, போகச் சொல்கிறார். குதிரை ஓடுகிறது. கப்டன் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து திரும்புகிறார். அவ்வளவுதான். துவக்குச் சூடு கூட அதிகம் இல்லை.

ஆனால் அந்த நடைக்குத்தான் சனம் அழுதது. பாரிசுக்குப் பக்கத்தில் பொபினி மண்டபத்தில் அதைப் பார்த்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். என் அப்பா மூக்கை உறிஞ்சியது இன்னும் நினைவிருக்கிறது. அந்த மனிதர் எதற்கும் அழுது நான் கண்டதில்லை. நவரத்தினம் அண்ணைக்கு அப்போது ஐம்பது வயதுதான். மீசை நரைக்குக் கோதுமை மா. அந்த நடைக்கு அவர் எந்த ஒத்திகையும் பார்க்கவில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் ஈரத் துணி மூட்டைகளைச் சுமந்து நடந்த நடை அது. "சேணமெண்டா என்ன, பெட்சீட் எண்டா என்ன, தோளுக்குப் பாரம் பாரம்தான்" என்று என்னிடம் சொன்னார்.

சலவைக்காரர் என்ற திமிரும் இருந்தது. சீருடையை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். ஒவ்வொரு ஞாயிறும் கத்தி மடிப்போடு வந்து நிற்பாராம். இயக்குநர் தலையில் கை வைத்திருக்கிறார்.

"அண்ணை, பாலைவனத்திலை உங்களுக்கு ஆர் அயர்ன் பண்ணித் தந்தது?"

"நான்தான் பண்ணினன். உனக்குப் புழுதி வேணுமெண்டா மேலாலை கொட்டு. மடிப்பைத் தொடாதை."

படத்தைக் கூர்ந்து பார்த்தால் தெரியும். உடுப்பு முழுக்கப் புழுதி, நடுவில் நேர்கோடாக அந்த மடிப்பு. அதைப் பற்றி ஒருவர் கட்டுரை எழுதினார், ஒழுங்கு குலையாத ஒரு படைவீரனின் ஆன்மா என்று. அண்ணை அந்தக் கட்டுரையை எனக்குக் காட்டிவிட்டு, "ஆன்மா இல்லையடா, ஸ்டீம்" என்றார்.

இனிக் குரல் விஷயம். நம் ஆட்கள் படம் எடுக்கிற இடத்தில் ஒரு வசனம் கேட்கும்: "டப்பிங்கிலை பாப்பம்." விமானம் போகிறதா, டப்பிங்கில் பார்ப்போம். காற்று அடிக்கிறதா, டப்பிங்கில் பார்ப்போம். அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவுக்கென்று ஒரு ஆள் கூட வைக்கவில்லை. கமெராவில் இருந்த சின்ன மைக்தான். அண்ணையும் அதை நம்பி, டப்பிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார். கூப்பிடவில்லை. யாழ்ப்பாணத் தமிழில் விட்டால் தமிழ்நாட்டில் படம் விலைபோகாது என்று தயாரிப்பாளர் முடிவெடுத்து, எல்லாப் பாத்திரங்களுக்கும் சென்னையில் ஆட்களைப் பிடித்துக் குரல் கொடுக்க வைத்தார். படம் கடைசிவரை தமிழ்நாட்டுக்குப் போகவே இல்லை. ஐரோப்பாவில் அநேகமாக யாழ்ப்பாணத்துச் சனம்தான் பார்த்தது. யாருக்காகக் குரலை மாற்றினார்களோ அவர்களில் அநேகம் பேர் கேட்கவே இல்லை. மற்ற நடிகர்கள் சிரித்துவிட்டு அதை மறந்துவிட்டார்கள்.

அண்ணைக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் திரையிடலில் நடந்ததைத் தேநீர்க் கடையில் இருந்து எனக்குச் சொன்னார்.

"முன்வரிசையிலை இருத்தினவை. கோட் போட்டுக்கொண்டு போனனான். திரையிலை நான் வாயைத் திறந்தன். வேறை ஒருத்தன் கதைச்சான்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"பரமேஸ் திரும்பி என்னைப் பாக்கிறா. நான் அவவைப் பாக்கேல்லை. என்ரை வாயைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்."

"பிறகு?"

"பிறகென்ன. சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. நானும் தட்டினன்."

அதற்குப் பிறகு அவர் வெறும் நவரத்தினமாக எங்கும் போகமுடியவில்லை. கலியாணம், பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, எங்கு போனாலும் மைக்கை நீட்டினார்கள். கடைசிக் காட்சியில் குதிரைக்குச் சொல்கிற வசனம் வேண்டும். குவாரியில் அவர் சொன்னது, "போ ராசாத்தி, இனி உனக்கு ஒருத்தரும் ஓடர் தரமாட்டினம்" என்பது. படத்தில் கேட்பது, "செல்! இனி உனக்குக் கட்டளையிட இந்த உலகில் எவனும் இல்லை!" என்று அடிவயிற்றிலிருந்து உருண்டு வருகிற வேறொரு மனிதனின் முழக்கம். முதல் தடவை ஒரு கலியாணத்தில் அண்ணை தன்னுடைய வசனத்தைத் தன்னுடைய குரலில் சொல்லியிருக்கிறார். ஒருவரும் கை தட்டவில்லை. மாப்பிள்ளையின் மாமன் தோளில் தட்டி, "அப்பிடி இல்லை அண்ணை, படத்திலை மாதிரி" என்றாராம்.

அவர் வீட்டுக்குப் போய்ப் படத்தைப் போட்டுப் பார்த்துப் பழகினார். சென்னைக்காரர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்தை அழுத்துகிறார், எங்கே குரலை உடைக்கிறார், எல்லாம். அடுத்த கலியாணத்தில் அப்படியே கொடுத்தார். மண்டபம் கிழிந்தது. பதினெட்டு வருடங்கள் அதைத்தான் கொடுத்தார். தனக்கு இரவல் குரல் தந்தவனைத் தானே இரவல் வாங்கி நடித்தார். உலகத்தில் வேறு எந்த நடிகனுக்கும் இந்த வேலை கிடைத்திருக்காது.

வேறு வேடமும் கிடைக்கவில்லை. குறும்படம் எடுக்கிறவர்கள் வருவார்கள், கிழவன் வேடம் கொடுப்பார்கள், ஓய்வுபெற்ற யாரோ ஒருவன். ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு ஒரு பகிடி வேடம் செய்து சனத்தைச் சிரிக்கவைக்க ஆசை இருந்தது. "கப்டன் பகிடி விட்டா சனம் ஏற்காது அண்ணை" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார்கள்.

போன வருடக் கடைசியில் அவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என் அப்பாவை விட மூத்தவர், ஆனால் அந்த வட்டத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணைதான், எனக்கும் அப்படியே.

"நீ சவுண்ட் படிச்சனி எண்டு சொன்னவை."

"ஓம்."

"வைகாசியிலை பொபினியிலை குதிரைப் படத்தைத் திரும்பப் போடப்போறாங்களாம். என்ரை குரலைப் போட ஏலுமே?"

"முழுப் படத்துக்கும் ஏலாது" என்றேன். குரலும் இசையும் குதிரைக் குளம்பும் எல்லாம் ஒரே தடத்தில் கலந்து கிடந்தன. குரலைப் பிடுங்கினால் மற்றதும் சேர்ந்து வரும். "கடைசிக் காட்சி மட்டும் வேணுமெண்டா எல்லாச் சத்தத்தையும் புதிசாச் செய்து தரலாம். அதுக்கே என்ரை ஞாயிற்றுக்கிழமையெல்லாம் போயிடும்."

"எனக்கும் ஞாயிற்றுக்கிழமையள்தான் போனது" என்றார். "கடைசிக் காட்சி காணும். ஒருக்காச் சனம் கேட்டாப் போதும். பிறகு ஆற்றை குரலையும் போடட்டும்."

ஒருக்கா, ஒரே ஒரு தடவை. அவர் கேட்டது அவ்வளவுதான்.

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு சேலைக் கடையின் நிலவறையில் பதிவுக்கு ஒழுங்கு செய்தேன். எதிரொலி இல்லாத அறை வேண்டுமென்றால் லாச்சப்பலில் அதை விட நல்ல இடம் கிடையாது. நான்கு சுவருக்கும் கூரை வரை சேலைக் கட்டுகள். நடுவில் மைக்கை நட்டு, மடிகணினியில் காட்சியை ஓடவிட்டேன். திரையில் அவருடைய வாய் யாழ்ப்பாணத் தமிழில்தான் அசைகிறது. அந்த வாய்க்குப் பொருந்தக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். திரையைப் பார்க்காமலே அசைவுக்குச் சரியாகச் சொன்னார். ஒரு எழுத்து பிசகவில்லை. அவ்வளவு வருடத்துக்குப் பிறகும் அந்த வசனம் அப்படியே இருந்தது.

குரல்தான் இல்லை. "போ ராசாத்தி" என்ற சொல் அவருடையது. முழக்கம் சென்னைக்காரருடையது.

"அண்ணை, குரலை அடியிலை இறக்காதேங்கோ. உங்கடை குரலிலை சொல்லுங்கோ."

"என்ரை குரலிலைதான் சொல்லுறன்."

"இல்லை. அது அந்தாளின்ரை குரல்."

திரும்பச் சொன்னார். அதே முழக்கம். நின்று சொன்னார், இருந்து சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். மைக்கை எடுத்துவிட்டுச் சும்மா சொல்லச் சொன்னேன். சும்மாவும் அதுதான் வந்தது. பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"பின்னை என்ரை எது?"

"இப்ப கதைக்கிறீங்களே, இது."

"இது கதைக்கிறது. நடிக்கேக்கை எது என்ரை?"

எனக்குப் பொறுமை குறைவு. சுற்றி வளைத்துச் சொல்லவும் தெரியாது. "இனி அது வராது அண்ணை" என்றேன்.

அவர் ஒரு சேலைக் கட்டின் மேல் இருந்தார். நன்றாக இருமினார். பிறகு சிரித்தார்.

"டொக்டரும் உன்னை மாதிரித்தான் சொன்னவர். ஆனா அவர் முதல்லை கதிரை தந்தவர்."

அவருடைய நுரையீரல் விஷயம் எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. சிகிச்சை என்று ஒன்றும் பெரிதாக இல்லை, டொக்டரோடு அடுத்த ரோந்தேவூ, அடுத்த சந்திப்பு, பங்குனியில் என்று, மெத்ரோ நேரம் சொல்வது மாதிரிச் சொன்னார். வைகாசிக்கு இன்னும் எத்தனை மாதம் என்று நான் மனதுக்குள் எண்ணினேன்.

ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. குவாரியில் கமெரா மைக்கில் பதிந்த ஒலி. குரல் அதற்குள் இருந்தால், அதைக் கேட்டுக் கேட்டு அவர் தன்னைத் திரும்பப் பழகலாம். சென்னைக்காரரைப் பழகியது மாதிரி. இயக்குநர் இப்போது கனடாவில். அவருடைய தம்பியின் வீடு பியர்ஃபித் என்ற புறநகரில். அந்த வீட்டு நிலவறையில் பழைய சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பெட்டி கமெராக் கசெட்டுகள் கிடந்தன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிக் கேட்டேன். காற்று. காற்றுக்கு நடுவில் விமானம். விமானம் போன பிறகு இன்னும் காற்று. யாரோ தூரத்தில் நின்று எதையோ சொல்கிறார்கள், அது அண்ணையா, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவரா என்று கூடப் பிரிக்கமுடியவில்லை. என்னிடம் இருந்த மென்பொருள் எல்லாவற்றையும் போட்டு வடித்துப் பார்த்தேன். வடித்தபோது குரலும் சேர்ந்து போனது. புகழ்பெற்ற அந்த வசனம் இருந்த இடத்தில் வெறும் இரைச்சல்.

அதற்கு அடுத்த துண்டில்தான் அது இருந்தது. உங்களுக்கு அந்த இடம் தெரியும். வசனம் முடிந்த பிறகு கப்டனின் முகம் திரை நிறைய வரும். உதடு அசையும், சத்தம் இல்லை, வயலின் மட்டும். அவர் அங்கே என்ன சொல்கிறார் என்று எத்தனை பேர் எத்தனை கதை சொன்னீர்கள். தேவாரம் என்றார்கள். ஊரின் பெயர் என்றார்கள். செத்துப்போன மனைவியின் பெயர் என்றும் சொன்னார்கள், பக்கத்தில் பரமேஸ் அக்கா உயிரோடு இருக்கத்தக்கதாக. முகத்தைப் பெரிதாக எடுக்க வேண்டியிருந்ததால் கமெராவைக் கிட்டக் கொண்டுவந்திருக்கிறார்கள். கமெராவோடு மைக்கும் கிட்ட வந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் விழுந்துவிட்டது.

நடந்தது இதுதான். குதிரை போகவில்லை. சவாரிப் பள்ளியில் வாடகைக்கு எடுத்த கிழட்டுப் பெண் குதிரை, கரமெல் என்று பெயர். சேணத்தைக் கழற்றி, வசனத்தைச் சொல்லி, முதுகில் தட்டியும் அது அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கமெரா ஓடுகிறது, இயக்குநர் 'கட்' சொல்லவில்லை. அண்ணை குதிரையிடம் கெஞ்சுகிற மாதிரி வாய்க்குள் மெல்லச் சொல்கிறார்:

"போவன் அம்மா. உனக்கென்ன, நீ போகலாம். எனக்கு நாளைக்கு வேலை."

சேலைக் கடை நிலவறைக்கு அவரைத் திரும்ப வரச் சொல்லி, ஹெட்போனை மாட்டிவிட்டேன். இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் தரம் அவரே ஓடவிட்டார். படியேறி இறங்கியதில் வந்த இளைப்பு அடங்க நேரம் எடுத்தது.

"இது நான் குதிரைக்குச் சொன்னது."

"ஓம்."

"நடிச்சதில்லை இது."

"தெரியும்."

"கப்டன் இப்பிடிச் சொல்லுவானே? திங்கட்கிழமை வேலைக்குப் போறவனே அவன்?"

"அண்ணை, இருக்கிற எல்லாத்துக்குள்ளையும் உங்கடை குரல் இதுதான். இந்த இடத்திலை வயலினை எடுத்திட்டு இதை விடுவம். சனம் கேட்கும்."

"ஓம், என்ரை குரல்தான்" என்றார். "அதுதான் சொல்லுறன், அழிச்சுப்போடு."

நான் வாதாடினேன். நன்றாகவே வாதாடினேன். அவர் கேட்டுக்கொண்டே கோட்டைப் போட்டார். படியில் ஏறும்போது ஒரு தரம் நின்றார், மூச்சுக்காக. அவர் கேட்டது கப்டனைத் தன்னுடைய குரலில். எனக்குக் கிடைத்தது கப்டன் இல்லாத அவருடைய குரல். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. அவருக்கு அப்படி இல்லை. குரலும் அவருடையது, வேடமும் அவருடையது, ஆகவே கடைசிச் சொல்லும் அவருடையது.

பொபினித் திரையிடலை முதலில் தள்ளிவைத்தார்கள், பிறகு அதைப் பற்றிப் பேசுவதை விட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவைதான் போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். நான் இருக்கும்போது ஒரு தாதி வந்தார், புதுச்சேரிப் பெண்மணி. அண்ணையைக் கண்டதும் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க அந்தக் குதிரைப் படத்துல வர்றவர்தானே? எங்க வீட்டுல அதோட சிடி இருக்கு. என் வீட்டுக்காரர் இன்னும் போட்டுப் போட்டுப் பார்ப்பாரு. நீங்க சிலோன்காரர்னு யாரும் நம்பமாட்டாங்க. படத்துல அப்படியே எங்க தமிழ்."

அண்ணை குழாயைக் கொஞ்சம் விலக்கச் சொல்லிக் கைகாட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. "வேண்டாம் அண்ணை" என்றேன். அவர் கேட்கவில்லை. செல், என்றார். மூச்சு எடுத்தார். இனி உனக்குக் கட்டளையிட, என்றார். மூச்சு எடுத்தார். மீதி வரவில்லை. அந்தப் பெண்மணி கையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தானே சொல்லி முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

"ஏன் அண்ணை இது?"

"சனம் கேட்டாக் குடுக்கத்தானே வேணும்" என்றார். அந்தச் சின்ன, அடைத்த, சாதாரணக் குரலில். அதுதான் நான் கடைசியாகக் கேட்டது.

நோட்டீசைக் கண்ட அன்று மாலை அண்ணையின் வீட்டுக்குப் போனேன். தகனசாலையில் என்ன போடுவது என்று பரமேஸ் அக்கா யோசித்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியைப் போடுவோம் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் என் கைத்தொலைபேசியில் இருந்த அந்தத் துண்டைப் போட்டுக் காட்டினேன். அவர் சமையலறை வாசலில் நின்று கேட்டார்.

"இது வீட்டிலை கேக்கிற சத்தம் தம்பி" என்றார். "இதைச் சனத்துக்குப் போட ஏலாது. சனத்துக்கு ஆளைத் தெரியாது."

"உங்களுக்கு அனுப்பிவிடுறன்."

"அனுப்பாதை. அனுப்பினா நான் ஒரு வேலையும் செய்யமாட்டன், இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பன்."

தகனசாலையில் கடைசிக் காட்சி ஓடியது. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். பெட்டிக்கு மேலே திரையில் அவர் வாயைத் திறந்தார், சென்னைக்காரர் பேசினார், மண்டபம் அழுதது. முன்வரிசையில் இருந்த மகள், இங்கே பிறந்து வளர்ந்தவர், தாயிடம் குனிந்து, இது அப்பாவின் குரல் இல்லை என்று பிரெஞ்சில் சொன்னார். "ஓம், தெரியும்" என்றார் பரமேஸ் அக்கா. குதிரை ஓடியது. அது கரமெல் இல்லை. அந்த ஓட்டத்தைப் பின்னாலிருந்து எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிழட்டுக் குதிரை கடைசிவரை ஓடவில்லை என்பதால் வேறு ஒரு இளம் குதிரையைக் கொண்டுவந்து விரட்டினார்கள். நிறம் கூடச் சரியாகப் பொருந்தவில்லை. அண்ணை எனக்குக் காட்டித் தந்த பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர் அழிக்கச் சொன்னார். அக்கா அனுப்பாதே என்றார். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் செய்ய முடிந்தது. அழிக்கவில்லை. இனி யாருக்கும் போட்டுக் காட்டப்போவதும் இல்லை, என்னிடம் வந்து கேட்காதீர்கள். நவரத்தினம் அண்ணையில் என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். சேணத்தின் வார் ஒன்று இறுக்கம் தளரும் சத்தம், பிறகு போகச் சொல்கிற அந்தக் குரல், நாளைக்கு வேலை என்கிற குரல். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. குதிரை மூச்சு விடுகிறது, நின்ற இடத்திலேயே. அவரும் மூச்சு விடுகிறார். பிறகு இயக்குநர் 'கட்' சொல்லி, மற்றக் குதிரையைக் கொண்டுவரச் சொல்கிறார்.